இடிக்குப் பயந்தவரை எழுதியவர்

குலசிங்கம் போன செய்தி வந்தபோது நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகன் பிரணவன். "பெரியம்மா, அப்பா விடியப்புறம் போயிட்டார்" என்றான். அழுவதா, எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்பதா என்று தெரியவில்லை. என் வாயில் வந்ததோ வேறு.

"கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

 "அரைவாசி வாழைப்பழமும் கொஞ்ச யோகட்டும். ஏன் பெரியம்மா உதைக் கேக்கிறியள்?" என்றான்.

ஏன் கேட்டேன் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் குலசிங்கம் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். அவருடைய வீட்டில் அதைக் கேட்க அவர் இல்லை. அதனால் நான் கேட்டேன்.

அவரை நான் முதலில் கண்டது பாட்ஸ்பியோர்ட்டில். என் வீட்டுக்காரர் சண்முகநாதனும் நானும் அந்த வடமுனை மீன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, குலசிங்கம் எங்களுக்கு முன்பே தொழிற்சாலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் ஆகாத மெலிந்த பொடியன். மற்றவர்கள் மொழி படிக்கப் பிள்ளைகளின் படப்புத்தகம் வாங்கிவர, இவர் மட்டும் வெட்கப்பட்டு, பெரிய ஆட்கள் வாசிக்கிற புத்தகம் தாருங்கள் என்று ஊர் நூலகத்தில் கேட்டாராம். அங்கிருந்த பெண்மணி எட்டிய தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறா. அது ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் ரோமாபுரியில் இருந்த ஒருவர் தன் நாட்டுச் சக்கரவர்த்திகளின் வாழ்க்கையை எழுதிய புத்தகம். சூரியன் எழும்பாத அந்த மாரி முழுவதும் அகராதியை வைத்துக்கொண்டு குலசிங்கம் அதை வாசித்தார். அதனால் அவர் படித்த மொழியும் அரண்மனை மொழியாகப் போய்விட்டது. பல்லுவலிக்கு அரைநாள் லீவு கேட்கப் போய், மேற்பார்வையாளன் முன் நின்று, தங்கள் கருணையை இறைஞ்சுகிறேன் என்ற கருத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார். அவன் சிரித்துச் சிரித்து முழுநாளும் கொடுத்துவிட்டான்.

அந்த ரோமரின் பெயரை எத்தனை தரம் சொல்லித் தந்தும் என் நாக்கில் நிற்கவில்லை. "உம்மட ரோமன்" என்றுதான் சொல்லுவேன். மீன் வெட்டும் மேசையில் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சொன்ன கதைகளோ ஒன்றும் மறக்கவில்லை. தலை வழுக்கையை மறைக்கப் பின்மயிரை முன்னுக்கு இழுத்து வாரிய தளபதி. உயரம் காட்டக் குதி உயர்ந்த செருப்புப் போட்ட சக்கரவர்த்தி. அந்தச் சக்கரவர்த்திக்கே இடி என்றால் நடுக்கமாம். எங்கே போனாலும் காவலுக்குக் கடல்நாய்த் தோல் ஒன்றைக் கொண்டு திரிந்தாராம். எங்கள் துறைமுகத்தில் தலையை நீட்டிப் பார்க்குமே, அதே கடல்நாய்.

"உலகத்தை ஆளுற மனுசன் இடிக்குப் பயந்தவனோ" என்று அன்றைக்கு எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் என் வீட்டுக்காரர்.

"அண்ணை, கத்தியைப் பாத்துச் சிரியுங்கோ. விரலும் பெட்டிக்குள்ளை போயிடும்" என்றார் குலசிங்கம்.

பிறகு நாங்கள் எல்லாரும் தெற்கே ஒஸ்லோவுக்கு வந்தோம். குரோருட்டில் ஒரே கட்டடத்தில் எங்களுக்கு இரண்டாம் மாடி, அவருக்கு நாலாம் மாடி. அங்கேதான் அவர் கல்வெட்டு எழுதத் தொடங்கினார். கல்வெட்டு என்றால், ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். செத்தவரின் படம், தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு. அந்த வரலாறு எல்லாருக்கும் ஒரே வரலாறுதான். இன்ன ஊரில் உதித்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், இறைவனடி சேர்ந்தார். குலசிங்கம் அப்படி எழுதவில்லை. பிறப்பையும் செய்த வேலையையும் சொல்லிவிட்டு, ரோமன் செய்தமாதிரியே, ஆள் எப்படி நடப்பார், என்ன கறியைத் தள்ளிவைப்பார், எதற்குக் கோபிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதுவார். ஒரு கதையில் சந்தேகம் இருந்தால் "என்று சிலர் சொல்வர்" என்று போடுவார்.

"பிறந்ததையும் செத்ததையும் எல்லாரும் எழுதுவினம் அக்கா. இடையிலை ஆள் எப்பிடி இருந்தது எண்டு ஆர் எழுதிறது?" என்பார்.

நல்ல கேள்வி. என் வீட்டுக்காரர் செத்த பிறகுதான் அது எனக்குக் கசந்தது.

அச்சுக்குப் போகமுன் அவருடைய கல்வெட்டைக் கொண்டுவந்து குலசிங்கம் வாசித்தார். எல்லாம் நன்றாயிருந்தது, ஒரு வரி வரும்வரைக்கும். "இடி முழங்கினால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்."

"தம்பி, உந்த வரியை வெட்டும்."

"ஏனக்கா, பொய்யோ?"

"பொய் எண்டாச் சிரிச்சுப் போட்டு விட்டிருப்பன். மெய் எண்டபடியாத்தான் வெட்டச் சொல்லுறன்."

"கொடையிற் சிறந்தவர், குணத்திலே குன்று எண்டு எழுதினா, பேரை மாத்திப் போட்டு ஆருக்கும் குடுக்கலாம். இடிக்கு ஒளிச்சது இவர் ஒருத்தர்தான், அக்கா."

"உம்மட கல்வெட்டுக்கு அந்தக் குன்றை வைச்சுக்கொள்ளும். என்ரை மனுசன்ரை மானத்தை விடும்."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். நான் அதைச் சம்மதம் என்று நினைத்தேன். முப்பத்தொன்றில் புத்தகம் வந்தது, வரி அப்படியே இருந்தது. பாயாசம் பரிமாறும்போது எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்து, "நல்லகாலம், அங்கை தண்ணியும் பக்கத்திலை" என்றார். பந்தியே சிரித்தது. அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவருக்கு என் கையால் தேத்தண்ணி கிடைத்ததில்லை.

குலசிங்கத்தோடு கதைப்பதையும் விட்டேன். வசந்தத்தில் கட்டடத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குவோம். அவர் பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் கூட்டினால் நான் சைக்கிள் கொட்டகைப் பக்கம் கூட்டுவேன். மின்தூக்கியில் அவர் நின்றால் நான் படியேறுவேன். முழங்காலுக்கு அது கூடாதென்று வைத்தியர் சொன்ன பிறகும் ஏறினேன். அப்படியே வருடங்கள் போயின.

என் மகளின் மகள் ஆரணி, அம்மப்பா செத்த பிறகு பிறந்தவள். இப்போது பேர்கனில் ஒரு ஆசுப்பத்திரியில் வேலை. போன வருடக் கோடையில் ஒரு பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். குரல் உள்ளே போயிருந்தது.

"எங்கையடி நிக்கிறாய்? கிணத்துக்குள்ளை நிண்டு கதைக்கிறமாதிரிக் கிடக்கு."

"கீழை நிலவறையிலை அம்மம்மா. சாமான் வைக்கிற அறைக்குள்ளை. இஞ்சை இடி."

நான் வாய் திறக்கமுன் அவளே சொன்னாள்: "அம்மப்பாவும் உப்பிடித்தானாமே. அம்மான்ரை அலுமாரியிலை கிடந்த கல்வெட்டிலை வாசிச்சனான். இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தான் விசர் எண்டு நினைச்சனான். படத்திலை அவர் ஆரோ ஒரு கழுத்திலை ரை கட்டின மனுசன். இப்பதான் என்ரை ஆள் மாதிரிக் கிடக்கு."

இடி ஓயும்வரை அவளோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, சால்வையைப் போட்டுக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினேன். குலசிங்கம்தான் கதவைத் திறந்தார். அதற்குள் அவருக்கும் முன்மயிர் எல்லாம் கொட்டி, பின்மயிரை வளர்த்து முன்னுக்கு வாரி விட்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை.

"குளியலறை இல்லை" என்றேன்.

"என்னக்கா?"

"அவர் ஒளிச்சது குளியலறையிலை இல்லை. கீழை நிலவறைச் சாமான் அறைக்குள்ளை. பழைய கம்பளத்திலை இருப்பார். நான்தான் இடி விட்ட பிறகு போய்க் கூட்டிக்கொண்டு வாறனான். பிழையா எழுதிப்போட்டீர்."

சட்டைப்பையில் பேனையைத் தேடினார். "உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"அண்டைக்கு நீர் மெய்யைப் போட்ட கோவம். இண்டைக்குப் பிழையைப் போட்ட கோவம்."

உள்ளே இருந்து அவர் மனைவி தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா. போய் இருந்தேன். அப்போதுதான் அவர் சொன்னார், குளியலறை என்று தனக்குச் சொன்னதே என் வீட்டுக்காரர்தானாம். ஒஸ்லோவுக்கு வந்த முதல் கோடையில் யாருக்கும் தெரியாமல் அவரிடம் போய், "தம்பி, அந்த ராசா வைச்சிருந்த தோல் இஞ்சை எங்கையும் வாங்கலாமோ" என்று கேட்டாராம். பாட்ஸ்பியோர்ட்டில் இருந்த ஒரு சிநேகிதன் மூலமாகக் குலசிங்கம் ஒரு துண்டு எடுப்பித்துக் கொடுத்திருக்கிறார்.

"ஒருத்தரிட்டை மட்டும் கேட்டு எழுதினது பிழை. ரெண்டாவதா உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும்" என்றார்.

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். மனுசன் செத்த பிறகு அவருடைய கோட்டுப் பையிலிருந்து கபில நிறத்தில் மயிர் வைத்த தோல் துண்டொன்று எடுத்தேன். சப்பாத்து மினுக்க வைத்திருந்தார் என்று நினைத்து, அன்றிலிருந்து நானும் அதால்தான் சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். வாரி விட்ட மயிர் எல்லாம் கலைந்து காதுப்பக்கம் தொங்கும்வரைக்கும் குலசிங்கம் சிரித்தார்.

"ராசாவின்ரை காவலாலை சப்பாத்து மினுக்கிறியள், அக்கா."

"நீர் முதலிலை தலையைச் சரியாக்கும். பாட்ஸ்பியோர்ட்டிலை அந்தத் தளபதியைப் பாத்து என்ன சிரிப்புச் சிரிச்சனீர்."

அதற்குப் பிறகு வந்த மாரி முழுவதும் நான் போய்வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் தன்னுடைய ரோமரின் கதையைச் சொன்னார். அரண்மனையில் சக்கரவர்த்தியின் கடிதங்களைப் பார்க்கிற பெரிய உத்தியோகம். ராணியிடம் மரியாதை தப்பிப் பழகினார் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். சக்கரவர்த்திகளைத் தவிர பள்ளிக்கூட வாத்திமாரைப் பற்றி, விளையாட்டுகளைப் பற்றி என்று எத்தனையோ எழுதினாராம், முக்கால்வாசி காணாமல் போய்விட்டது.

"பிறகு மனுசனுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது. எங்கை இருந்தார், எப்ப செத்தார், ஒண்டும் தெரியாது. எல்லாற்றை சாவையும் எழுதின மனுசன்ரை சாவை ஒருத்தரும் எழுதேல்லை அக்கா."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்குத்தான் சொன்னார்.

ஆகவே, கல்வெட்டுக்கு ஒரு பக்கம் தாருங்கள் என்று பிரணவன் கேட்டபோது, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். வழுக்கையை வாரியதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சைவம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ரயில் நிலையத்தடிக் கடையில் நின்று பொல்சே என்கிற இறைச்சிச் சுருளைச் சாப்பிட்டதைச் சொன்னேன். நான் கண்டேன், நான் கண்டதை அவரும் கண்டார். தான் எழுதியதில் பிழை பிடித்தால் காது சிவக்கும் என்றும் சொன்னேன். பிரணவன் வந்து வாசித்துவிட்டு முகத்தைத் தடவினான்.

"பெரியம்மா, வழுக்கையும் பொல்சேயும் வேண்டாமே. சபையிலை சிரிப்பினம். அப்பா தமிழுக்குச் செய்த தொண்டு எண்டு ஏதும் போடுவம்."

"பொய்யோ?"

"பொய்யில்லை."

"அப்ப என்ரை பக்கம் முழுக்க எடு. இல்லாட்டி முழுக்க விடு. உன்ரை அப்பரை அரைவாசியா எழுத ஏலாது."

எடுத்துக்கொண்டு போனான். இரண்டு நாள் பேச்சில்லை. அந்த இரண்டு நாளும் நான் பயந்தேன், இந்த மனுசனையும் குணத்திலே குன்று ஆக்கிப்போடுவார்கள் என்று. மூன்றாம் நாள் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா வாசிச்சவ. பொல்சேயிலை வந்து சிரிச்சவ. அப்பா போன பிறகு இண்டைக்குத்தான் சிரிக்கிறா. வெள்ளிக்கிழமை எண்டா மனுசன் ஏன் கராம்பு சப்பிக்கொண்டு வாறவர் எண்டு இப்பதான் விளங்குதாம். ஒரு எழுத்தும் மாத்தக்கூடாதாம்."

அந்தக் கராம்பு எனக்கே தெரியாது. இரண்டாவது ஆளிடமும் கேட்கவேண்டும் என்று குலசிங்கம் சொன்னது சரிதான்.

எனக்கு இடிக்குப் பயமில்லை. என்றாலும் குலசிங்கம் தேடிக் கொடுத்த கடல்நாய்த் தோல் இப்போது சப்பாத்துப் பெட்டியில் இல்லை. மை ஊறிக் கறுத்துப்போனது. அதில் பாதியை வெட்டிப் பேர்கனுக்கு அனுப்பிவிட்டேன். மற்றப் பாதி என் கைப்பையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் துண்டும், செத்த வீட்டில் கேட்கிற அந்த ஒரு கேள்வியும். குளியலறை என்று எழுதியதை இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் கல்வெட்டில் வெட்டாமல் போடப் பிரணவனிடம் சொல்லியிருக்கிறேன்.