திரும்பி வருகிறவர்களுக்கான விதி

மெல்பேர்னின் மேற்குக் கரையில், படகு இறக்கும் சரிவில் நிற்கிறேன். டிரெய்லர் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை மணக்கிறது. டார்னெய்ட் புறநகரில் தன் வீட்டில் எனக்கு இடம் தந்திருக்கும் குகன் அண்ணாவின் புதுப் படகுக்கு இன்று முதல் ஓட்டம். அவர் மனைவி சுகந்தி அக்கா மட்டும் ஏற மறுக்கிறார். அகதியாகப் படகில் வந்தவர். அதன்பின் கடலில் கால் வைத்ததில்லை.

அச்சம் தகாது என்று நான் நியாயங்களை அடுக்குகிறேன்.

"தம்பி, உந்த நியாயத்தை மேடையில பேசும். கடலுக்குள்ள வழிகாட்ட நட்டிருக்கிற அந்தப் பச்சைக் கம்பம் எந்தப் பக்கம் வரவேணும்?" என்று கேட்கிறார் அக்கா.

"வலப்பக்கம்," என்கிறார் படகிலிருந்து அண்ணா.

"வெளியால போகேக்கையோ?"

அண்ணா விழிக்கிறார்.

"லைசென்ஸ் எடுத்த ஆள்!"

நான் கடல் வரைபடத்தைப் புரட்டுகிறேன். "போறப்போ இடப்பக்கம், அக்கா. துறைக்குத் திரும்பி வர்றவங்களை வச்சுத்தான் விதியே எழுதியிருக்காங்க."

"திரும்பி வாறவையை நினைச்சோ?" அவர் குரல் தணிகிறது. "நாங்கள் வந்த படகில அந்தக் கதையே இல்லை."

அக்கா அந்தப் பச்சைக் கம்பத்தைப் பார்க்கிறார்.

"கரை தெரியிற தூரம் மட்டும்தான், கேட்டுதோ?" என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நீருக்குள் இறங்குகிறார்.