கிண்டலுக்குக் கேட்ட ஒன்ஸ் மோர்

அடையாறில் எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துக் காபிக் கடையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு பேண்ட் பழைய சினிமாப் பாட்டுகள் வாசிக்கும். ஒருநாள் நானும் தோழி திவ்யாவும் போயிருந்தபோது, பாடியவருக்கு உச்சஸ்தாயியில் குரல் பிசிறடித்தது. நாங்கள் சிரித்தோம். அது போதாதென்று நான் கையைத் தூக்கி, "ஒன்ஸ் மோர்" என்று கத்தினேன். திவ்யா மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். "சும்மா இருடி, பாவம்."

அவருக்கு அது கிண்டல் என்று தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி பாடினார். அதே இடத்தில் மறுபடியும் பிசிறியது.

முடிந்ததும் நேராக எங்கள் மேஜைக்கு வந்தார். "இத்தினி வருஷத்துல என்னை யாருமே ஒன்ஸ் மோர் கேட்டதில்ல மேடம். அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க. அந்த எடத்த சரி பண்ணிடறேன்."

போகாமல் இருந்திருக்கலாம். போனேன். என்னைப் பார்த்ததும் மைக்கில், "ஒன்ஸ் மோர் கேட்ட மேடத்துக்காக" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. குரல் துளிகூடப் பிசிறவில்லை.

கடையே கைதட்டியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதாரச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்ஸ் மோர் அன்று என் வாயில் வரவில்லை.