பனியில் இறுகிய பூட்டு

ஆக்லாந்தில் பனி உறைவது அபூர்வம். மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் குடியிருந்த வீடு ஒரு சரிவின் அடியில் இருந்ததால், குளிர்காலத்தில் சில காலைகளில் மட்டும் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடக்கும். என் கணவரின் யூட்டின் பூட்டு உறைந்துபோனது அப்படி ஒரு காலையில்தான். பின்பக்கம் திறந்த தட்டு உள்ள வண்டியை இங்கே யூட் என்பார்கள். அவர் வீடுகளுக்கு மரவேலை செய்பவர். அவருடைய கருவிகள் எல்லாம் எப்போதும் அந்த வண்டிக்குள்தான் இருக்கும்.

முதல் நாள் பின்னேரம் மன்னாரிலிருந்து அவருடைய தம்பி ஃபோன் எடுத்திருந்தார். மாமா, அவர்களுடைய அப்பா, ஆஸ்பத்திரியில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அண்ணை, டொக்டர் ஒண்டும் உறுதியாச் சொல்றார் இல்லை. அப்பா கண் முழிக்கிற நேரமெல்லாம் உங்களைத்தான் கேக்கிறார். வெளிக்கிட்டு வாங்கோ.”

“ஓம்” என்று மட்டும் சொல்லி என் கணவர் ஃபோனை வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை விமானத்தில் இடம் கிடைத்தது. துணிகளை அடுக்கி முடித்ததும் பெட்டியை வண்டியின் பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தார். அவசரத்தில் மறந்துவிடக் கூடாது என்று பாஸ்போர்ட்டையும் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வைத்தார். அதன் பிறகும் அவரால் உட்கார முடியவில்லை. ஹோஸை எடுத்து இருட்டும்வரை வண்டியைக் கழுவினார். வண்டி அழுக்காக இல்லை. ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

காலையில் எஞ்சினைச் சூடாக்க முன்னால் போனவர் திரும்பி வரவில்லை. கதவை இழுத்து இழுத்து அடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தேன். வண்டி முழுவதும் உப்புத் தூவியது போல் வெள்ளையாக இருந்தது. சாவி பாதிதான் உள்ளே போயிருந்தது. ரிமோட் வேலை செய்யாமல் போய் வெகுகாலம். மற்றப் பக்கக் கதவில் சாவித் துவாரமே கிடையாது.

“நேற்றுக் கழுவின தண்ணி உள்ள நிண்டு உறைஞ்சு போச்சு” என்றார். என்னைப் பார்க்கவில்லை. “பூட்டுக்கு அடிக்கிற எண்ணெயும் உள்ளதான் கிடக்கு.”

சொல்லிக்கொண்டே சாவியைப் பலமாக முறுக்கினார். அது வளைவது எனக்குத் தெரிந்தது.

“முறிஞ்சா ஸ்டார்ட்டும் பண்ணேலாது. விடுங்கோ.”

அவர் சாவியை உருவி என் கையில் திணித்துவிட்டுக் கராஜுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சுத்தியல் இருந்தது. நேராகக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கையை ஓங்கினார். நான் இடையில் புகுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். குளிர் கோட்டையும் தாண்டி முதுகில் ஏறியது.

“தள்ளும்” என்றார்.

“ஒரு தரம் நான் பாக்கிறன். சரிவராட்டி உடையுங்கோ. மறிக்க மாட்டன்.”

“என்ட அப்பா அங்க கிடக்கிறார். நீர் இஞ்ச பூட்டைப் பாக்கிறீர்.”

ஆனாலும் ஓங்கிய கையைத் தாழ்த்தினார். அந்த ஆத்திரத்தில் கண்ணாடியை உடைத்தால் கையையும் வெட்டிக்கொள்வார் என்றுதான் நான் பயந்தேன். உள்ளே ஓடி, தலை காயவைக்கும் டிரையரையும் நீள வயரையும் எடுத்தேன். வயரை வீட்டுக்குள் செருகி ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். வயர் வண்டிக்கு மட்டுமட்டாக எட்டியது. சூடான காற்றைப் பூட்டுக்கு நேரே பிடித்தேன். அவர் சுத்தியலோடு பின்னால் நின்றார். அவர் மூச்சு என் காதுப்பக்கம் புகையாக வந்து போனது. எதுவும் நடக்கவில்லை. சாவியை வைத்துப் பார்த்தேன். இன்னும் பாதிதான்.

“காணும், விடும்” என்றார்.

“பொறுங்கோ.”

துவாரத்திலிருந்து ஒரு துளி தண்ணீர் வழிந்தது. பிறகு இன்னொன்று. சாவியின் இரும்புப் பக்கத்தையும் காற்றில் காட்டிச் சூடாக்கி உள்ளே விட்டேன். முழுவதும் போனது. மெல்லத் திருப்பினேன். பூட்டு விடுபட்டது. ஆனால் கதவு வரவில்லை. ஓரத்து ரப்பரும் சட்டத்தோடு உறைந்து ஒட்டியிருந்தது.

அவர் சுத்தியலைப் புல்லில் போட்டார். இழுக்காமல், தோளால் கதவை உள்ளுக்குத் தள்ளத் தள்ள, ஓரம் முழுக்க ஐஸ் நொறுங்கியது. பிறகு பிடியை இழுத்தார். கதவு கிழிகிற சத்தத்தோடு திறந்தது.

முன்கண்ணாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால் பார்க்கிற அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டுப் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். அவர் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தார். மோட்டர்வேயில் வாகனங்கள் நகர மறுத்தன. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அவர் கால் தரையை அழுத்தியது. விமான நிலைய வாசலில் இறங்கியவர் பெட்டியோடு ஓடினார். போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் கடைசி ஆளாக அவர் நின்றிருந்தார். பெட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். நான் வேலை முடிந்து நகரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

“அப்பா என்னைக் கண்டவர்” என்றார். “பேர் சொல்லிக் கூப்பிட்டவர். பிறகு நித்திரையாப் போனார். இனி முழிக்க மாட்டார் எண்டு சொல்லுகினம்.”

“நீங்கள் பக்கத்திலயோ?”

“ஓம். கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்.”

அதற்கு மேல் அவரால் கதைக்க முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமான பிறகு அவர் அழுது நான் கேட்டது அன்றுதான். என் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. நான் ஏறவில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவர் அழுது முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.