சித்திக்கு முகத்தில்தான் வேர்க்கும்

எங்கள் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் அழவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் சலுகை இருந்தது. விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாலோ பள்ளியில் அடி வாங்கினாலோ நான் அழலாம். அதையும் தெருவிலேயே முடித்து, பம்பில் முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். இது நைனா போட்ட சட்டம்.

சட்டத்துக்குக் காரணம் சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி. பழவேற்காடு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் ஒரு மழைக்காலக் காலையில் அவர் மீன்பிடிக்கப் போன ஃபைபர் படகு அலையில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். சித்தப்பா ஏறவில்லை. நைனாவும் ஊராரும் பல நாள் தேடினார்கள். படகு கிடைத்தது, வலை கிழிந்து கிடைத்தது, அவருடைய மஞ்சள் மழைக்கோட்டுகூட ஒதுங்கியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

ஆம்பளை கடல் மேல் இருக்கும்போது வீட்டில் பெண்கள் அழக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். உடம்பு கரைக்கு வராதவரை, நைனாவின் கணக்கில் சித்தப்பா இன்னும் கடல் மேல்தான் இருந்தார். "அவன் ஆந்திரா பக்கம் கரையேறியிருப்பான். நீங்க அழுது அவன சாவடிச்சிராதீங்க" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நைனா சித்தப்பாவின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்கு பஸ்ஸில் போவார். அந்தப் பக்கத்து மீனவ ஊர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தெலுங்கில் விசாரித்துவிட்டு வருவார். வரும்போது எனக்கு எதையாவது தின்ன வாங்கி வருவார். நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவைத் தேடுவதில் எனக்கும் ஒரு லாபம் இருந்தது என்று இன்றைக்குச் சொல்ல வாய் கூசுகிறது.

இந்தச் சட்டத்தின் முழு பாரமும் சித்தியின் தலையில்தான் விழுந்தது. அவர் எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு பொங்கல்தான் ஆகியிருந்தது. சாயங்காலமானால் அம்மா அவருக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுவார், பொட்டு சின்னதாக இருந்தால் பெரிதாக்கி விடுவார். அழவும் கூடாது, பூ வைக்காமலும் இருக்கக் கூடாது. சித்தி இரண்டுக்கும் கட்டுப்பட்டார். வேறெதுவும் செய்வதைத்தான் விட்டுவிட்டார். சமையலறையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தட்டில் போட்ட சோறு போட்டபடி காய்ந்திருக்கும். கையிலிருந்த வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும் அளவுக்கு இளைத்துப்போனார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் டான்ஸ் மிஸ் வந்தார். எங்கள் ஊரில் புயல் வந்தால் ஒதுங்குவதற்காகத் தூண்கள் மேல் கட்டிய கட்டடம் ஒன்று உண்டு. புயல் மண்டபம் என்போம். சென்னையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அங்கே வந்து, பெண்களை ஆடவைத்து அவர்கள் மனதுக்குத் தெம்பு தருவது அவருடைய வேலை. டி-ஷர்ட்டும் பைஜாமாவும் போட்டிருப்பார். சின்னப் பெண்தான், முப்பதுகூட இருக்காது. "மனசுல இருக்கற பாரத்தை உடம்பு வழியா இறக்கி வைக்கணும் அக்கா" என்று முதல் நாள் சொன்னபோது, பொன்னேரித் தெருக்களில் மீன் கூவி விற்கிற மூலைவீட்டு அத்தை, "இறக்கி வைக்கறதுக்கு அது இன்னா ஐஸ் பொட்டியா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். அதனாலேயே பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சித்தியையும் அனுப்பச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஊட்ல இவ்ளோ ஆயிருக்கு. ஆட்டம் கேக்குதா ஆட்டம்?"

அம்மா அரிவாள்மனையிலிருந்து தலை நிமிரவில்லை. "இன்னா ஆயிருக்கு? ஒண்ணும் ஆவலன்னு நீதான சொல்ற. ஒண்ணும் ஆவாதவ போய் ஆடினா இன்னா?"

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று, "பாப்பாவும் கூடப் போவட்டும்" என்றார். பாப்பா நான்தான். தம்பி மனைவியிடம் அவர் நேருக்கு நேர் பேச மாட்டார். அது எங்கள் பக்கத்து மரியாதை. சொல்ல வேண்டியது எதுவானாலும் அம்மா வழியாகவோ என் வழியாகவோதான் போகும். ஆட்டத்துக்குப் போய்வந்த தகவலும் அதே வழியில் திரும்பி வர வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் சில நாட்கள் தகவல் சொல்ல ஒன்றுமே இல்லை. சித்தி ஓரத்தில் நின்றார், அவ்வளவுதான். ஒருநாள் மிஸ், எல்லோரும் கையை நீட்டி அலை மாதிரி ஆடுங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. அலையைப் பற்றி அந்த மண்டபத்திலிருந்த பெண்களுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. சரி, நாரையாகிவிடலாம் என்றார். மூலைவீட்டு அத்தை தன் கனத்த உடம்போடு ஒற்றைக் காலில் நின்று, பக்கத்தில் நின்றவர்மீது சாய்ந்து, இரண்டு நாரைகளும் தரையில் விழுந்தன. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் சித்தியும் ஒரு காலை மெதுவாகத் தூக்கி நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சித்தி ஆடினார். மிஸ் வேகமான குத்துப்பாட்டாகப் போட்டு ஸ்பீக்கரை முடுக்கிவிடுவார். தரை அதிரும். சித்தி கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, கையை மேலே வீசி வீசி ஆடுவார். அவருக்கு அப்படி ஆட வரும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முடிந்து திரும்பி வந்தால் ஒரு தட்டுச் சோறு சாப்பிடுவார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரிப்பார்.

"சித்தி இன்னா பண்ணா?" என்று நைனா கேட்பார்.

"நல்லா ஆடினாங்க நைனா. செம்மையா வேர்த்துச்சு."

அது பொய்யில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்துவைத்திருந்தேன். மற்றவர்களுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்த்து ரவிக்கை நனையும். சித்திக்கு முகம் மட்டும் நனையும், அதிலும் கண்ணுக்குக் கீழேதான் அதிகம். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே உள்ளங்கை மட்டும்தான் வேர்க்கும்.

ஒருநாள் பாதிப் பாட்டில் கரண்ட் போயிற்று. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. ஆனால் அதுவரை அதிர்ந்துகொண்டிருந்த மண்டபம் சட்டென்று அமைதியானதும், நடுவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொண்டையில் முள் மாட்டிக்கொண்டவர் மூச்சை இழுப்பது போலிருந்தது. சித்திதான். பாட்டு நின்றது தெரியாமல், கண்ணைத் திறக்காமல், கை இரண்டும் மேலே இருக்க, அந்தச் சத்தம் அவரிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. நிறுத்த முயன்றார். நிறுத்த முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, பயந்துபோய் என்னைப் பார்த்தார். மண்டபத்தில் இத்தனை பேர் இருக்க என்னை எதற்குப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது மூலைவீட்டு அத்தை கையைத் தட்டி, மண்டபம் கிழிய ஒரு கூவல் கூவினார். "நண்டேய்... நண்டு!"

ஒரு நொடிதான். இன்னொருத்தி, "எறாலேய்..." என்று இழுத்தாள். அப்புறம் மடவை, சங்கரா, காணாங்கத்தை என்று மீன் மீனாக. மாடியில் இருக்கிற வீட்டுக்காரிக்கும் காதில் விழும்படி கூவிப் பழகிய குரல்கள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. பெண்கள் கூவிக்கொண்டே காலைத் தரையில் ஓங்கி மிதித்து, சித்தியைச் சுற்றி நெருங்கி நெருங்கி வட்டம் போட்டு ஆடினார்கள். எனக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. நானும் "நெத்திலியேய்" என்று கத்திக்கொண்டு வெளி வட்டத்தில் குதித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் ஆடியதே இல்லை. மிஸ் செல்போனில் வீடியோ எடுத்தார். "பாட்டே இல்லாம ஆடறாங்க பாரு பாப்பா" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. விவரம் தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

வெகுநேரம் ஆடினார்கள். சித்தி வெளியே வந்தபோது முகத்தை யாரோ முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டிருந்தார்கள்.

மண்டபத்துப் படிக்குக் கீழே நைனா நின்றுகொண்டிருந்தார். வானம் கறுத்துக் கிடந்ததால் எங்களை அழைத்துப்போக வந்திருக்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவரைப் பார்த்ததும் சித்தி படியிலேயே நின்றுவிட்டார். நைனா அவர் பக்கம் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"பாட்டு ஏன் நின்னுச்சு?"

"கரண்ட் போச்சு நைனா. ஆனா அதுக்கப்புறமும் ஆடினாங்க. சித்திக்கு ரொம்ப வேர்த்துச்சு."

நைனா முன்னால் நடந்தார். இனிமேல் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிடுவார் என எனக்குப் பயம். சித்திக்கு அதைவிடப் பயம். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன.

அடுத்த வகுப்பன்று நைனா கடலுக்குப் போகவில்லை. படகிலிருந்த பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டார். கோயிலில் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் கேட்டு வாங்கி என்னிடம் ஒயரைக் கொடுத்து, எங்களுக்கு முன்னால் மண்டபத்துப் படியேறினார். பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கரண்ட்டே வேண்டாதபடி எல்லாவற்றையும் மாட்டி, மிஸ்ஸின் செல்போனில் ஒயரைச் சொருகிக் கொடுத்தார்.

"நல்லா சத்தமா வைம்மா. நடுவுல நிக்கக் கூடாது. உள்ள இருக்கறது எதுவும் வெளில கேக்கக் கூடாது."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். பாட்டு தொடங்கிச் சுவரெல்லாம் அதிர்ந்தது. சித்தி கண்ணை மூடினார். கொஞ்சநேரம் கழித்து நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நைனா மேல்படியில், கதவுக்கு முதுகு காட்டி, முகத்துவாரம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு, அதை எடுக்காமலே இருந்தார். ஆடாத மனிதருக்கு எதற்கு இப்படி வேர்க்கிறது என்று பார்த்தேன். வெயில்கூட இல்லை.

அதைவிட அவர் மிஸ்ஸிடம் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா இன்றுவரை வரவில்லை. அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் முறையிட்டேன், நைனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. பாட்டை அவ்வளவு சத்தமாக வைத்தால் ஊருக்கே கேட்கத்தானே செய்யும், வெளியே கேட்கக் கூடாது என்றால் குறைத்து வைக்கத்தானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அம்மா எனக்குச் சோறு போட்டார்.