தபால்பெட்டியில் இரண்டு அப்பாக்கள்

ஒஸ்லோ ஓரத்து ஹவுகெட்டோவில் நான் வந்து குடியேறிய வீட்டில் எனக்கு முன்பே ஓர் ஆண் இருந்தார். தான் இறந்து ஒன்றரை வருடமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது போலிருந்தது. கொழுவியில் அவருடைய குளிர்ச்சட்டை, குளியலறையில் அவருடைய சீப்பு, கீழே தபால்பெட்டியில் அவருடைய பெயர். என் மனைவியின் அப்பா. யாழ்ப்பாணத்தில் நடந்த எங்கள் கல்யாணத்துக்குப் படமாகத்தான் வந்திருந்தார். அதன் பிறகு மனைவியின் தயவில் கிடைத்த விசாவோடு, நாற்பத்திநாலு வயதில், நான் ஒஸ்லோ வந்தேன்.

"அப்பாவுக்கு நான் ஒருத்திதான். பேர் என்னோடை முடியுது," என்றாள் ஒருநாள், வெங்காயம் வெட்டிக்கொண்டே. கண்ணீர் வெங்காயத்துக்கா அப்பாவுக்கா என்று விசாரிக்கத் துணிவில்லாமல், "அப்ப நான் எடுக்கிறன்," என்று சொல்லிவிட்டேன்.

இந்த நாட்டில் மனைவியின் குடும்பப் பெயரைக் கணவன் எடுப்பது பத்து நிமிட வேலை. ஆனால் எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பெயருக்குப் பக்கத்தில் நிற்பவர் அப்பா. அவள் அப்பாவின் பெயரையே இங்கே அவளுக்குக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தார்கள். அதை எடுத்ததும் நோர்வேயின் பார்வையில் நான் நல்ல கணவன். எங்கள் ஆட்களின் பார்வையில் மாமாவின் மகன்.

குறொன்லாண்டில் வாழைக்காய் வாங்கப் போனபோது கடைக்காரச் சிநேகிதன் கேட்டான்: "அப்ப மனிசி உனக்குத் தங்கச்சியெல்லோ, மச்சான்?"

"அக்கா. என்னிலும் மூண்டு மாதம் மூப்பு," என்றேன்.

சிரித்துவிட்டு வந்தேன். பிறகுதான் மாமா தொடங்கினார். காதுக்கருவியைச் சரிபார்க்க வரச்சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. பல் வைத்தியரின் காத்திருப்பறையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், அவர் வருகிறாரா என்று நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். மாலையில் பூட்டில் திறப்பைத் திருப்பும்போது உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு கணம் நிற்கும். நான்தான் என்று கண்டதும் மனைவியின் முகத்தில் ஓர் ஏமாற்றம் வந்து போகும். மிகச் சிறியது. ஆனால் நான் நல்ல கண்ணாடி போட்டிருக்கிறேன்.

என் அப்பாவோ கனவில் வருவதை நிறுத்திவிட்டார். முன்பு மாதம் ஒருமுறையாவது வந்து, தலை இழுக்கவில்லையா, வீட்டில் சீப்பு இல்லையா என்று ஏசிவிட்டுப் போவார். அந்த ஆடி அமாவாசைக்குக் கோயிலில் தர்ப்பணச் சீட்டு எழுதியவரிடம் என் வங்கி அட்டையை நீட்டினேன். என் பெயருக்குப் பக்கத்தில் நின்றவரை அவர் தகப்பன் என்று எழுதிவிட்டார். ஐயரும் என் கையால் மாமாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பித்தார். பின்னால் நீண்ட வரிசை. நான் திருத்தாமல் நகர்ந்தேன். அந்த வருடம் என் அப்பா பட்டினி.

மூன்று வருடம் முடிந்து நிரந்தர வதிவிட அனுமதிக்குக் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். கடிதம் வந்தது. கடவுச்சீட்டிலும் கல்யாணப் பத்திரத்திலும் என் அப்பா, இங்கத்தைய பதிவில் மாமா. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று மூன்று கிழமைக்குள் காட்ட வேண்டும். அலுவலகத்தில் இருந்த பெண் அன்பாகவே சொன்னாள்: பழைய பெயருக்கு மாறிவிடுங்கள், எல்லாம் பொருந்திவிடும்.

மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். இங்கே வளர்ந்தவள், அவளுக்கு ஒரு தரம் போதும்.

"மாறுங்கோவன். சுகமெல்லோ."

"பாப்பம்."

"பிறகு நிரந்தரமும் வந்திடும். பிறகு நான் தேவையில்லை."

அதுதான் விஷயம். இவளுடைய கணவனாக இருப்பதுதான் இதுவரை என் அனுமதியின் நிபந்தனை. அது கழன்றால் பெயரும் கழன்று, ஆளும் போய்விடுவான் என்று நினைத்திருந்தாள். வீட்டில் ஓர் ஆண் ஏற்கெனவே சொல்லாமல் போனவர்.

"நீர் எனக்கு விசாவோ?" என்றேன். பகிடி நிலத்தில் விழுந்து உடைந்தது.

பழைய பெயருக்கான படிவத்தை நான் நிரப்பவில்லை. ஊருக்குத் தொலைபேசி எடுத்து, இரண்டு பெயரும் நான்தான் என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கச் சொல்லி அம்மாவைக் கெஞ்சினேன். "பெத்த அப்பனைக் கழட்டிப்போட்டு, இப்ப நான் சாட்சி சொல்லவேணுமோ?" என்று வைத்துவிட்டார். கடிதம் கெடுவுக்கு முதல்நாள் வந்து சேர்ந்தது. உள்ளே அம்மாவின் கையால் ஒரு சொல்கூட இல்லை.

அனுமதி கிடைத்தது. அட்டைதான் வரவில்லை. மனைவி தொலைபேசியில் விசாரித்தாள். அட்டை கடவுச்சீட்டுப் பெயரில்தான் அச்சாகுமாம். எங்கள் பெட்டியில் அப்படியொரு பெயர் இல்லையென்று தபால்காரர் திருப்பி அனுப்பியிருக்கிறார். என் அப்பா வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்.

அவள் ஒரு துண்டுக் கடதாசியில் என் அப்பாவின் பெயரை எழுதி, கீழே போய், தன் அப்பாவின் பெயருக்கடியில் ஒட்டினாள்.

"கொஞ்சம் சரிஞ்சிருக்கு," என்றேன்.

"கழட்டி ஒட்டட்டோ?"

"வேண்டாம். ஆள் அப்பிடித்தான் நிக்கிறவர்."

மறுகிழமை அட்டை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "இனி நான் இல்லாட்டியும் நீங்கள் இஞ்சை இருக்கலாம்."

"ரெண்டு கிழவரையும் உம்மட்டைத் தனிய விட்டிட்டு நான் எங்கை போறது?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அட்டையை என் கையில் தந்தாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது அப்பா வந்தார். தலை இழுக்கவில்லையா என்று ஏசினார். மாமாவின் குளிர்ச்சட்டையைப் போட்டிருந்தார். அளவாக இருந்தது.