ஒன்றாம் நம்பர் பள்ளிக்கூடம்

பிறேமா ரயிலில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கமாட்டாள். சன்னலோரம் இருந்துகொண்டு, வழியில் தெரிகிற வீடுகளில் எல்லாம் மனத்தால் குடியேறிவிடுவாள். இந்த வீட்டுப் பல்கனியில் ஒரு கறிவேப்பிலைச் சட்டி, அந்த மேல்மாடியில் மகள் எவ்லினுக்கு ஒரு மேசை. ஹம்பேர்க்கின் பனிப்புகாருக்குள் எல்லா வீடும் அவளுக்கு அழகுதான். நான் பக்கத்தில் இருந்து முழங்கையால் இடிக்காவிட்டால் கடைசி நிலையம் வரைக்கும் போய்விடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தோம். பிறேமா மன்னார்ப் பிள்ளை. கணவன் எமிலுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. எவ்லின் ஒரே மகள். வீட்டில் தமிழில் வாய் ஓயாது. கின்டர்கார்டனுக்குள் கால் வைத்தால் ஒரு சொல் வராது. மூன்று வருடமாக அங்கே தலையை மட்டுமே ஆட்டினாள். அடுத்தது முதலாம் வகுப்பு. அங்கேயும் வாய் திறக்காவிட்டால் பிள்ளையைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பிறேமாவுக்குப் பயம். எதற்கும் கனவு காண்கிறவளுக்கு இதை நினைத்தால் மட்டும் நித்திரையே வராது.

அந்த நேரம் பார்த்துத்தான் நகரத்துப் பள்ளிகளுக்கு அரசாங்கம் கொடுத்த எண்கள் பேப்பரில் வந்தன. ஒன்றிலிருந்து ஆறு வரை. ஜேர்மனியில் பிள்ளை வளர்க்கிற எவருக்கும் இது பால பாடம்: மார்க்ஸ் ஒன்று என்றால் திறம், ஆறு என்றால் படுதோல்வி. எமில் விரல் வைத்துத் தேடி, எல்பே நதி இரண்டாகப் பிரிந்து ஓடுகிற தீவில், வில்ஹெல்ம்ஸ்பூர்க்கில், ஒரு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ரஞ்சினியக்கா, ஒண்டாம் நம்பர் பள்ளிக்கூடம்! பக்கத்திலயே வீடும் கிடக்காம்" என்றாள் பிறேமா.

"ஹம்பேர்க்கில வீடு குதிரைக் கொம்பு. அது சும்மா கிடக்குதெண்டால் யோசிக்க வேண்டாமே?"

"பழம் நழுவிப் பாலில விழுகுது. நீங்கள் கொட்டையைத் தேடுறியள்."

வசந்தத்தில் குடிபோனார்கள். மாதா கோயில் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அங்கே வாய்க்காலோரம் நின்றால், வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால் கப்பல்களின் மேல்தட்டு மட்டும் மெல்ல நகர்ந்து போகும். தெருவே எழும்பிக் கடலுக்குப் போகிற மாதிரி இருக்கும். பிறேமா நிலத்தில் கால் பாவாமல் திரிந்தாள். கோடை முடிய எவ்லின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். எப்படி என்று கேட்டால், "நல்லம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

இலையுதிர் காலத்தில் பெற்றோர் கூட்டம் வந்தது. அடுத்த நாள் சமையலறையில் பிறேமாவின் முகம் வீங்கிப்போய் இருந்தது. வெங்காயம் என்றாள். அவள் அரிந்தது கரட்.

"அக்கா, ஒண்டாம் நம்பர் எண்டபடியாத்தான் வந்தனாங்கள் எண்டு எல்லாருக்கும் முன்னால பெருமையாச் சொல்லிப்போட்டன். ஒரு தாய் சிரிச்சுப்போட்டா."

"ஏனாம் சிரிப்பு?"

"அது பள்ளிக்கூடத்தின்ரை மார்க்ஸ் இல்லையாம். தாய் தகப்பன் என்ன படிச்சவை, என்ன உழைக்கினம், வீட்டில எத்தினை புத்தகம் இருக்கு எண்டு பாத்துப் போட்டதாம். இருக்கிறவைக்கு ஆறு, இல்லாதவைக்கு ஒண்டு. அது எங்கட மார்க்ஸ், அக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு எங்கே நல்லது என்பதை, தகப்பன் வீட்டுப் புத்தக அலுமாரியைப் பார்த்தா சொல்வது? ஆனாலும், "கெதியா வேற வீடு பாருங்கோ" என்றுதான் நானும் சொன்னேன். பிள்ளை விஷயத்தில் வீரம் பேச எனக்குத் துணிவில்லை.

எமில் இந்த முறை ஆறைத் தேடினான். கோயிலில் தெரிந்த ஜேசுரட்ணம் அண்ணையின் தயவால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆறாம் நம்பர் பள்ளிக்குக் கிட்ட, கூரைக்குக் கீழே ஒரு சின்ன வீடு சரிவந்தது. வீட்டுக்காரி சனிக்கிழமை போனில் கூப்பிட்டுக் கேட்பா. இவர்கள் ஓம் என்றால் முடிந்தது.

"நாங்கள் போனால் அந்தப் பள்ளிக்கூடம் அஞ்சரை ஆயிடுமோ அக்கா?" என்று பிறேமா கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள்.

சனிக்கிழமை நான் அங்கே நின்றேன். எமில் வேலைக்குப் போய்விட்டான். பிறேமாவின் இரண்டு கையும் மீன். போன் அடித்தது. அவள் குழாயைத் திறந்து கை கழுவுவதற்குள் எவ்லின் ஓடிப்போய் எடுத்துவிட்டாள்.

"ஹலோ, நான் எவ்லின். அம்மா மீன் வெட்டுறா. நீங்கள் யார்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் அந்த மனுசி என்ன கேட்டாவோ, இவள் சொல்லத் தொடங்கினாள். தன் வகுப்பில் இரண்டு ரீச்சர்மார் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற பிள்ளை அய்லினுக்கும் முதலில் கதைக்கத் தெரியாது. பிழையாய்ச் சொன்னால் அங்கே ஒருவரும் சிரிக்கமாட்டார்கள், எல்லாரும்தான் பிழையாய்ச் சொல்கிறவர்கள். சொல்லிக்கொண்டே போனாள்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகளின் ஜேர்மன் குரலைப் பிறேமா அதுவரை கேட்டதே இல்லை. அது தமிழ்க் குரலை விடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. கப்பலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்லின் போனை நீட்டினாள். "அம்மா, அவவின்ரை வீட்டுக்கு வாறமோ எண்டு கேக்கிறா."

பிறேமா செதில் ஒட்டிய கையாலேயே வாங்கி, "நைன்" என்றாள். ஜேர்மன் மொழியில் அது வெறும் 'இல்லை'; வரவில்லை என்று மரியாதையாகச் சொல்ல அவளுக்கு வேறு சொல் வரவில்லை. போனைத் திரும்ப மகளின் காதில் வைத்தாள்.

"நீ கதை பிள்ளை. இன்னும் கொஞ்சம் கதை."