பறக்கும் கேமராவுக்கு ஓர் அனுமதி

என் தங்கை மகள் மதுரையில் முதுகலைப் புவியியல் படித்துக்கொண்டிருந்தபோது தெர்மோகோலில் ஒரு விமானம் செய்தாள். ரிமோட்டில் பறக்கும், வயிற்றில், சில நொடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும் சின்ன டிஜிட்டல் கேமரா. இரண்டாயிரங்களின் கடைசி அது. ட்ரோன் என்ற சொல் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஆகவே அதற்கு விண்ணப்பப் படிவமும் இல்லை.

திருத்தங்கலுக்கு வெளியே ஒரு கண்மாயை மேலிருந்து படமெடுத்து, தண்ணீர் வரும் ஓடை எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் போடுவது அவளுடைய ஆய்வு. மழை விழுந்தால் எல்லாம் தண்ணீருக்கும் பச்சைக்கும் அடியில் போய்விடும். அந்தப் புரட்டாசியை விட்டால் அவளுக்கு ஒரு வருடம் வீண்.

"மாமா, சும்மா போய்ப் பறக்க விட்டுட்டு வந்துரட்டுமா?"

ஆயுள் முழுக்க அரசு அலுவலகக் கோப்புக்குள் குடியிருந்தவனிடம் கேட்கிற கேள்வியா? அதுவும் கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பட்டாசுக் கம்பெனி இருக்கும்போது.

ஓய்வு பெற எனக்கு ஒரு வருடம் மீதியிருந்தது. பறக்கும் கேமராவுக்கு விதி இல்லையென்றால், விதி உள்ள பொருளாக அதை ஆக்கிவிட வேண்டியதுதான். புது ரக வாணத்தை வெட்டவெளியில் விட்டுப் பார்க்கும்போது காவல் நிலையத்துக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், பக்கத்துக் கம்பெனிக்கும் கடிதம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வாசகத்தைக் கடன் வாங்கி, "ஆளின்றி மேலெழும் புதிய பொருளின் சோதனை" என்று எழுதினேன். ஒரு பொய்கூட இல்லை. மூன்றே நாளில் சம்மதம் வந்தது. என் கடிதம் எதற்கும் அவ்வளவு வேகமாகப் பதில் வந்ததில்லை.

குறித்த நாள் காலை கரையில் தீயணைப்பு வண்டி நின்றது. கம்பெனி முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய ஃபோர்மேன்.

"வாங்க சார், இதானா ஐட்டம்?" முதலாளி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மேல போயி எத்தனை கலர் விடும்?"

"கலர் விடாது அண்ணாச்சி. போட்டோ எடுக்கும்," என்றாள் அவள்.

"வெடிக்காதா?" முதலாளி என்னை முறைத்தார். "என்ன சார், கடுதாசில சோதனைன்னு எழுதியிருந்தீக. அடுத்த சீசனுக்குப் புதுசா ஒண்ணு சிக்கிருச்சுன்னு சாப்பிடாமல்ல ஓடியாந்தேன்!"

தீயணைப்புக்காரர்கள் சிரித்தார்கள். ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

"ஏம்மா, ஏறுறது கெடக்கட்டும். இது எங்கன விழும்?"

பறக்கும் பாதையை அவள் பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருந்தாள். விழும் இடத்தை வரையவில்லை. "விழாதுண்ணே. நானே இறக்கிருவேன்."

"ராக்கெட் செய்றவன் அம்புட்டுப் பேரும் அப்படித்தான் சொல்லுவான்." காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, அவர் ஒரு பிடி காகிதத் துகளை மேலே வீசினார். அது நேராகக் கம்பெனிக் களத்தை நோக்கிப் போனது. அங்கே தட்டுத் தட்டாகத் திரி காய்ந்துகொண்டிருந்தது. "பேட்டரிச் சாமான் அதுமேல விழுந்தா, நீங்க எடுக்குற போட்டோல நாங்க இருக்க மாட்டோம். கிளம்புங்க."

நான் கடிதத்தை நீட்டினேன். மரியாதையாக வாசித்து, மடித்துத் திருப்பித் தந்தார். "நல்லா எழுதியிருக்கீக சார். காத்து இதைப் படிக்காதுல்ல."

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "இந்தத் தட்டெல்லாம் எப்பண்ணே உள்ள போகும்?"

"சாப்பாட்டு மணி அடிச்சதும். ஆள் இல்லாம நாங்க காயப்போட மாட்டோம்."

"களம் எம்புட்டு நேரம் காலியா இருக்கும்?"

"அரை மணி."

"போதும்ணே."

மணி அடித்தது. தட்டுகள் உள்ளே போயின. விமானம் எழுந்து கண்மாயை நாலு முறை சுற்றியது. ஐந்தாவது சுற்றில் காற்று அதைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போனது. ஃபோர்மேன் தோள் துண்டை விரித்துப் பிடித்தபடி ஓடினார். ஒரு இறக்கை ஒடிந்தது. கேமரா துண்டில் விழுந்தது.

படங்களில் ஓடை முழுதும் இருந்தது. செங்கல் கழிவு கொட்டி அடைத்த இரண்டு இடங்கள் தெளிவாகத் தெரிந்தன. நாலாம் நாள் மழை பிடித்தது. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் அவளை மேற்கொண்டு ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். இன்றும் அவளுக்குப் பிழைப்பு வானத்திலிருந்துதான்.

கடைசிப் படத்தில் கண்மாயே இல்லை. காலியான களம், நடுவில் அண்ணாந்த ஒரு முகம், விரித்த துண்டு. அதையும் ஆய்வேட்டில் சேர்த்திருந்தாள். சம்பந்தமில்லாத படம், முறைப்படி எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"முறை பாத்து எடுத்திருந்தா மத்த படம் ஒண்ணுமே இருந்திருக்காது மாமா," என்றாள்.

கோப்புப் பழக்கத்தில், படத்துக்குப் பக்க எண் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.